ஆஸ்பர்ன் விளைவும் அண்ணாமலை அடிவாரமும்

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. புதுப் பதிப்பு தயாராகும் முன்பே அதைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டால், கையில் இருக்கும் பழைய பதிப்பை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். "அதான் புதுசு வருதாமே, வரட்டும்" என்று காத்திருப்பார்கள். அதற்குள் கம்பெனி காசில்லாமல் படுத்துவிடும். இதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்று பெயர். நானே மீட்டிங்குகளில் இருபது தடவையாவது இந்தச் சொல்லை எடுத்து விட்டிருப்பேன். மார்க்கெட்டிங் ஆள் யாராவது உற்சாகமாக ஆரம்பித்தால், "சார், ஆஸ்பர்ன் ஆயிடும்" என்று ஒரு வார்த்தை. அவர் அடங்கிவிடுவார்.

அந்த ஆஸ்பர்ன் யார் என்று நான் யோசித்ததே இல்லை. 1980களில் ஏதோ ஒரு அமெரிக்கக் கம்பெனி, திவாலாகிவிட்டது, அவ்வளவுதான் தெரியும். சில வருஷம் முன்பு ஒரு தீபாவளி விடுமுறை. கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அவரைப் பற்றிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. ஆடம் ஆஸ்பர்ன். பிறந்தது பாங்காக். குழந்தைப் பருவம், திருவண்ணாமலை.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் தெருக்கோடியில் நின்றால் ஒரு பக்கம் பர்வதமலை. தெற்கே போகிற பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருவண்ணாமலை. தை மாதம் ரதசப்தமிக்கு அண்ணாமலையாரே எங்கள் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து போவார். சாமி ஒரு நாளில் வந்து போகிற தூரம் அது. அங்கே வளர்ந்த ஒரு பையன் பெயரைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திட்டுகிற வார்த்தை மாதிரி உபயோகித்துக்கொண்டிருந்தேன்!

அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் சின்ன வயசில் வெள்ளைக்காரர் என்றால் ஒரு வேடிக்கை. வேலூர் போகிற பஸ்ஸில் எப்போதாவது ஒருத்தர் இருப்பார். காவி வேட்டி, தோளில் ஜோல்னாப் பை, சிவந்துபோன மூக்கு. பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்கும்போது பிள்ளைகள் ஜன்னலுக்குக் கீழே நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்துவோம். அவர் கையாட்டினால் எங்களுக்கு அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான். எங்கே போகிறார், எங்கே தங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. "சாமியாரைத் தேடி வந்திருக்கான்" என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரே வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கிறது. 1911-ல் ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் போலீஸ் அதிகாரி வேலூருக்கு வேலைக்கு வந்தார். தனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்த முன்ஷி மூலமாகக் காவ்யகண்ட கணபதி முனிவரைத் தெரிந்துகொண்டு, அவரோடு போய் மலைமேல் விரூபாட்ச குகையில் ரமணரைப் பார்த்தார். ரமணரைப் பார்க்க வந்த முதல் மேற்கத்தியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிறகு வேலூரிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் வந்திருக்கிறார். 1911-ல் மோட்டார் சைக்கிள்! வேலூர் திருவண்ணாமலை ரோடு எங்கள் பக்கமாகத்தான் வருகிறது. போளூரைத் தாண்டி அந்தப் புழுதியில் ஒரு வெள்ளைக்காரர் படபடவென்று வண்டியில் போனதைப் பார்த்து எங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் தறியை விட்டு எழுந்து ஓடி வந்திருப்பார்களா என்று நினைத்துப் பார்ப்பேன். அவர்களும் "ஹலோ" சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பால் பிரண்டன். அவர் 1934-ல் வெளியிட்ட புத்தகம்தான் உலகத்துக்கு விலாசம் கொடுத்தது. அதைப் படித்துவிட்டுப் பலர் கப்பலேறினார்கள். 1935 நவம்பர் முதல் தேதி மேஜர் சாட்விக் வந்தார். ராணுவத்தில் இருந்து, தென் அமெரிக்காவில் வேலை பார்த்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். ஆசிரம வளாகத்துக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கொண்டு, 1962-ல் இறக்கும் வரை இங்கேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷம் எஸ்.எஸ். கோஹன் என்ற ஈராக்கிய யூதர், பலாக்கொத்தில் ஒரு மண் குடிசை போட்டுக்கொண்டார்.

இவர்களுக்கு வந்த கஷ்டங்களெல்லாம் பெரிய தத்துவக் கஷ்டங்கள் இல்லை. சம்மணம் போட்டு உட்கார வராது, அது ஒன்று. நாற்பது வயசு வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்த முட்டி, திடீரென்று தரையில் மடங்கு என்றால் மடங்குமா? ஒரு தடவை ஒரு வெளிநாட்டு அம்மா தாங்க முடியாமல் ரமணர் இருக்கும் திசையிலேயே காலை நீட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் காலை மடக்கச் சொன்னார்கள். அதைக் கவனித்த ரமணர், வாத நோயால் நீட்டி வைத்திருந்த தன் காலையும் மடக்கிக்கொண்டாராம். அவருக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா என்கிற மாதிரி. நான் பக்தன் இல்லை. ஆனால் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாமர்செட் மாம் கதை இன்னும் வேடிக்கை. 1938-ல் அவ்வளவு பெரிய எழுத்தாளர் வந்தார். ரமணரைப் பார்க்கப் போவதற்கு முன்பே மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். சாட்விக் அறையில் படுக்க வைத்தார்கள். ரமணரே அங்கே வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். இதற்குள் செய்தி பரவிவிட்டது, "தொரைக்கு சமாதி கூடிடுச்சு" என்று. இந்த வதந்தி தன்னை எங்கெல்லாம் துரத்தியது என்று மாம் இருபது வருஷம் கழித்து ஒரு கட்டுரையில் எழுதினார். எனக்கு இதற்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்று அவர் சொன்னாலும் யார் கேட்கிறார்கள். அண்ணாமலையில் விழுந்தால் அது மயக்கம் இல்லை.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது ஒரு விஷயம் உறுத்தியது. இவர்கள் எல்லாரும் ஆண்கள். தனி ஆள். தானாக விரும்பி வந்தவர்கள். பிடிக்காவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம். ராத்திரி அழுகிற குழந்தை கிடையாது. எல்லாரும் ஏதாவது எழுதி வைத்தார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. பெண்கள் ஆசிரமத்தில் ராத்திரி தங்கக் கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. பொழுது சாய்ந்தால் கிளம்பிவிட வேண்டும். அந்த விதிக்கு வெளியே, வாசலுக்கு அந்தப் பக்கம், குடும்பம் நடத்திய ஒரு வெளிநாட்டுக்காரி எப்படி வாழ்ந்தாள்?

லூசியா ஆஸ்பர்ன் போலந்துக்காரர். கணவர் ஆர்தர், ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலேயர். போலந்தில் வேலை பார்த்தபோது கல்யாணம். பிறகு பாங்காக்கில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போனது. 1939 மார்ச் 6-ல் ஆடம் அங்கேதான் பிறந்தான். மூத்தவள் கிட்டி, நடுவில் ஆடம், கடைசியில் இன்னொரு பெண். 1941-ல் விடுமுறையில் இந்தியா வந்தார்கள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் வீடு இருந்தது. விடுமுறை முடிந்ததும் ஆர்தர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். லூசியாவும் மூன்று பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். கொஞ்ச நாள்தானே என்று நினைத்திருப்பார்கள்.

அந்த டிசம்பர் 8-ம் தேதி ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. ஆர்தர் பாங்காக்கில் கைதானார். முகாமில் அடைத்தார்கள். போர் முடியும் வரை அங்கேதான்.

இப்போது லூசியாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்த நாட்டை ரெண்டு வருஷம் முன்பே, 1939 செப்டம்பரில், ஹிட்லர் ஒரு பக்கமும் ஸ்டாலின் ஒரு பக்கமுமாகப் பிடித்துப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். அங்கே போக முடியாது. கணவர் வீடு இங்கிலாந்து, அங்கே குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. நடுவில் கடல் முழுக்க நீர்மூழ்கிக் கப்பல். குடியிருந்த பாங்காக் எதிரி கையில். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி. கையில் ரெண்டு வயசு ஆடம் உட்பட மூன்று பிள்ளைகள். உலக வரைபடத்தில் அந்தப் பெண் நிற்கக்கூடிய இடம் என்று மிச்சம் இருந்தது, வட ஆற்காடு ஜில்லாவில் மலையடிவாரத்தில் ஒரு வாசல்படி.

அதுவும் எப்பேர்ப்பட்ட நேரம். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மெட்ராஸ் காலியானது. சர்க்கார் ஆபீஸ்களையே வெளியூர்களுக்கு மாற்றினார்கள். ரயிலில் தொங்கிக்கொண்டு ஜனங்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். எங்கள் பாட்டி தன் கல்யாண வருஷத்தைச் சொல்லத் தெரியாமல், "பட்டணத்து ஜனம்லாம் குண்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடியாந்துச்சே, அதுக்கு மறு வருசம்" என்பாள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் திண்டாட்டம். அந்த நாலு வருஷம் லூசியா இங்கே குடித்தனம் நடத்தினார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று அப்போதுதான் புரியும்.

நானும் நாலு வருஷம் வெளிநாட்டுக்காரனாக இருந்தவன்தான். ஆன்சைட் வேலைக்கு யோகோஹாமா. கிளம்பும்போது என் மகளுக்கு ரெண்டு வயசு, ஆடமுக்கு இருந்த அதே வயசு. அப்பாவிடம் போய்ச் சொன்னபோது, ஐம்பது வருஷம் குழித்தறியில் காலை விட்டுப் பட்டு நெய்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி, "ஜப்பான்லயா? நூல் நல்லா இருக்குமே, பாத்துட்டு வா." யோகோஹாமா 1859-ல் திறந்து, பட்டு நூலை ஏற்றுமதி செய்தே பெரிதான துறைமுகம் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. பட்டுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஜக்கார்டு தறியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அட்டை கட்டினது சரியில்ல" என்று பதில் வந்தது.

எங்கள் பிரச்சினைகள் எல்லாம் அற்பமானவை. முதல் வாரம் உப்பு என்று நினைத்துச் சர்க்கரை வாங்கிவந்து ரசத்தில் போட்டாள் என் மனைவி. குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் கட்டி வைப்பது என்று தெரியாமல், தப்பாகக் கட்டிய பையைப் பக்கத்து வீட்டுக் கிழவி திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள். குழந்தைக்கு ஜுரம் வந்தால், எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவளையே கேட்பார், அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள், நாங்கள் ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்போம். மூன்றரை வயசுப் பிள்ளைதான் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர். கம்பெனி வாடகை கொடுத்தது, தினமும் ஊருக்கு வீடியோ கால், வருஷத்துக்கு ஒரு டிக்கெட். அதற்கே என் மனைவி சில ராத்திரிகளில் பால்கனியில் போய் நின்றுகொண்டு அழுதிருக்கிறாள். லூசியாவுக்கு இதில் எதுவும் கிடையாது.

ஆனால் பிள்ளைகளுக்கு? என் மகளுக்கு யோகோஹாமா வெளிநாடே இல்லை. அவளுக்கு அதுதான் ஊர். கலசப்பாக்கத்துக்கு லீவில் வந்தால்தான் அவளுக்கு எல்லாமே விசித்திரம். ஆடமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்தது அந்த மலை. தமிழ் பேசி, அந்த வெயிலில் ஓடியாடி வளர்ந்தான். ஆசிரமத்தில் அப்போது லட்சுமி என்ற பசு இருந்தது. குடியாத்தம் பக்கத்திலிருந்து கன்றாக வந்து, அங்கேயே வாழ்ந்து, 1948 ஜூனில் செத்தபோது சமாதி கட்டினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. குரங்குகள் இருந்தன, மயில் இருந்தது. பெரியவர்கள் உலகத்தின் மூலையிலிருந்து கப்பலேறி வந்து, ஒரு மனிதரின் எதிரில் காலை மடக்கி, கண்ணை மூடி, மோட்சம் கிடைக்குமா என்று உட்கார்ந்திருந்த கூடம் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வீடு.

அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஆடம் போய் ஒரு வேண்டுதல் வைத்தானாம். அப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள் என்று. ரமணர் சிரித்துத் தலையாட்டினார். வீட்டில் அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் நாள் ஓடியிருக்கிறது. மூத்தவள் பள்ளிக்கூடத்துக்கு வெளியூர் கிளம்பும்போது, என்னை மறந்துவிடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். நீ என்னை நினைத்தால் நானும் உன்னை நினைப்பேன் என்பது போல அவர் பதில் சொன்னார். பேரம் பேசத் தெரிந்த தாத்தா.

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. ஆர்தர் உயிரோடு வந்து சேர்ந்தார். ரெண்டு வயசில் விட்டுப் போன மகனுக்கு ஆறு வயசு. மகனுக்கு அப்பா முகம் ஞாபகம் இருந்திருக்காது. மனைவியும் பிள்ளைகளும் நாலு வருஷமாகத் தினம் பார்த்துப் பழகிய ஊரிலும் ஆசிரமத்திலும், அன்றைக்குப் புதுசாக வந்த வெளிநாட்டுக்காரர் அவர் ஒருத்தர்தான். ரமணர் மேல் தனக்கு முதலில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, அந்த வருஷத்துக் கார்த்திகை தீபத்தன்றுதான் ஏதோ நடந்தது என்று பின்னால் எழுதினார். அப்புறம் அவர்தான் ரமணரைப் பற்றி 1954-ல் லண்டனில் புத்தகம் போட்டு, 1964-ல் ஆசிரமத்துக்கு ஆங்கிலப் பத்திரிகை ஆரம்பித்து, 1970-ல் இறக்கும் வரை அதை நடத்தியவர். அவருக்குப் பிறகு சில வருஷம் லூசியா அந்தப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். ஆனால் தேடினால் எங்கேயும் ஆர்தர் பெயர்தான் முதலில் வருகிறது. அங்கே முதலில் வந்து சேர்ந்தவர், தனியாக நாலு வருஷம் தாக்குப்பிடித்தவர் லூசியா. என் கணக்கில் இந்த வீட்டின் பெரிய சாகசம் அதுதான்.

ஆடம் கொடைக்கானலில் பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தான். 1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்தார். அதே வருஷம் பதினோரு வயசு ஆடம் படிப்புக்காக இங்கிலாந்து போனான். பாஸ்போர்ட் கணக்குப்படி அவன் சொந்த நாட்டுக்குத் திரும்பினான். வெயிலையும் மலையையும் தவிர வேறு பார்க்காத பையன், இங்கிலாந்துக் குளிரில் எப்படி முழித்திருப்பான் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அவன் வெளிநாட்டுக்காரனாக ஆனது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் எங்கள் ஏரியா, அதாவது கம்ப்யூட்டர். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் கெமிக்கல் இன்ஜினியரிங், 1961-ல் பட்டம். அமெரிக்காவில் டெலவேரில் டாக்டர் பட்டம், 1968. ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அது ஒத்துவரவில்லை. அப்போதுதான் மைக்ரோபிராசஸர் என்ற புதுச் சரக்கு வந்திருந்தது. அதைச் செய்தவர்களுக்கே அதை விளக்கி எழுத வராது. ஆஸ்பர்னுக்கு வந்தது. மைக்ரோகம்ப்யூட்டர்களைப் பற்றி அறிமுகப் புத்தகம் எழுதினார், தானே அச்சடித்தார், கலிஃபோர்னியாவில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களில் கொண்டுபோய் விற்றார். வியாபாரம் பெருகி, 1979-ல் மெக்ராஹில் அந்தப் பதிப்பகத்தையே வாங்கிக்கொண்டது.

அந்தக் காசில் ஆரம்பித்ததுதான் ஆஸ்பர்ன் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன். 1981 ஏப்ரலில் 'ஆஸ்பர்ன் 1' வெளிவந்தது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். விமான சீட்டுக்கு அடியில் வைக்கிற அளவு இருக்க வேண்டும் என்பது ஆடமின் நிபந்தனை. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ. தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் இறங்கிவிடும், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்பதே அப்போது அதிசயம். அஞ்சு அங்குலத் திரை, ஒரு வரிக்கு 52 எழுத்து. இசட்80 பிராசஸர், 64 கேபி நினைவகம். விலை 1795 டாலர். அதோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் இலவசம். தனித்தனியாக வாங்கினால் அந்த மென்பொருள்களே கிட்டத்தட்ட அந்த விலை ஆகும். மெஷினோடு மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தை அவ்வளவு பெரிய அளவில் செய்து காட்டியவர் அவர். உச்சத்தில் மாதம் 10,000 பெட்டி விற்றது.

1983-ல் எல்லாம் போனது. செப்டம்பர் 13-ல் திவால் மனு. புது மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் பழைய மாடல் தேங்கிவிட்டது என்பதுதான் எல்லாரும் சொல்கிற கதை, நான் மீட்டிங்கில் சொன்ன கதை. தேடிப் பார்த்தால் அது பாதிதான். ஏற்கெனவே கேப்ரோ என்ற போட்டியாளர் அதே விலையில் ஒன்பது அங்குலத் திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஐபிஎம்-முக்கு ஒத்துப்போகிற காம்பாக் பெட்டி சந்தைக்கு வந்துவிட்டது. ராபர்ட் கிரிஞ்லி 2005-ல் இன்னொரு கதையும் எழுதினார். புது மாடல் போய்க்கொண்டிருந்தபோது, பழைய மாடலின் ஒன்றரை லட்சம் டாலர் பெறுமான போர்டுகள் கிடங்கில் கிடப்பதை ஒரு அதிகாரி கண்டுபிடித்தாராம். வீணாக்குவானேன், முழுப் பெட்டியாகச் செய்துவிடலாம் என்று ஆரம்பித்து, திரை, டிரைவ், உறை அச்சு என்று இருபது லட்சம் டாலரைக் கொட்டினார்களாம். தறிக்காரர் வீட்டில் வளர்ந்த எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மிச்சம் இருக்கிற ஊடைப் பட்டுக்காகப் புதுப் பாவு போட்டுக் கடனாளியானவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும்.

ஆக, 'ஆஸ்பர்ன் விளைவால்' ஆஸ்பர்ன் சாகவில்லை என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாம் சமாதி அடைந்த மாதிரிதான் இதுவும்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1984-ல் தன் வீழ்ச்சியைப் பற்றி ஜான் டுவோரக்கோடு சேர்ந்து ஒரு புத்தகம். அதே வருஷம் மலிவு மென்பொருள் கம்பெனி ஒன்று. 495 டாலர் விற்ற லோட்டஸ் 1-2-3 போலவே வேலை செய்யும் ஒன்றை 99 டாலருக்குக் கொடுத்தார். லோட்டஸ் வழக்குப் போட்டது. மெனு அமைப்பைக் காப்பியடித்ததும் குற்றம்தான் என்று 1990-ல் தீர்ப்பு எதிராக வந்தது. அதோடு அதுவும் முடிந்தது. உடம்பும் போனது. மூளையில் சின்னச் சின்னப் பக்கவாதங்கள்.

1992-ல் அவர் கிளம்பி வந்தார். எங்கே? நாற்பது வருஷத்துக்கு மேல் பிரிட்டிஷ்காரராகவும் அமெரிக்கத் தொழிலதிபராகவும் இருந்த மனிதர், உடம்பு முடியாமல் போனதும் தேடி வந்தது தமிழ்நாட்டை. கொடைக்கானலில் இருந்த அக்காவோடு தங்கினார். பதினோரு வருஷம். 2003 மார்ச் 18-ல் அங்கேயே இறந்தார். வயசு 64. நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம்தான் ஒரு பயிற்சி வகுப்பில் 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற சொல்லை முதல் தடவையாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். பாடம் நடத்தியவருக்கும் தெரியாது, கேட்ட எங்களுக்கும் தெரியாது. ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் அந்த மனிதர் இருந்திருக்கிறார்.

எங்கள் பக்கம் சரித்திரம் என்றால் ஆரணிக் கோட்டை, 1751-ல் கிளைவ் போட்ட சண்டை, 1782-ல் ஹைதர் அலி வந்தது, இல்லாவிட்டால் கோயில் கல்வெட்டு. நானும் இந்தப் பக்கத்தில் அவற்றைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஊரில் ஒரு அம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு உலகப் போரைக் கடந்தது கல்வெட்டில் வராது.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயசு. ஆறு வயசில் யோகோஹாமாவிலிருந்து திரும்பி வந்தபோது தமிழை விட ஜப்பானிய மொழிதான் சரளம். கலசப்பாக்கத்தில் சாப்பாட்டுக்கு முன் கையைக் கூப்பி "இத்தாதகிமாஸ்" என்பாள். "இன்னாடா இது, புள்ள ஏதோ மந்திரம் சொல்லுது" என்று அம்மா பயந்தே போனாள். ரெண்டே வருஷத்தில் எல்லாம் போய்விட்டது. வகுப்புத் தோழி பெயர் போய்விட்டது, தெரு போய்விட்டது, பாட்டுகள் போய்விட்டன. அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் இருக்கிறது. தட்டைப் பார்த்ததும் தானாக வருகிறது. இந்தக் கதையை அவளுக்குச் சொன்னபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் பெரிசானா யோகோஹாமா போலாமாப்பா?" என்றாள். போலாம் என்றேன்.

போன மார்கழியில் திருவண்ணாமலையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டவுன் பஸ், நிற்க இடமில்லை. முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் பத்து வயசுப் பெண். கண்டக்டர் சில்லறை பாக்கி தராமல் நகர்ந்துவிட்டார். அம்மா பேசாமல் இருந்தார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அண்ணே, அஞ்சு ரூபா குடுக்கணும் நீங்க. மறந்துட்டு எறங்கிட்டா எங்க போயி கேக்குறது?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள், அசல் எங்கள் பக்கத்துப் பேச்சில். எல்லாரும் சிரித்தோம். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, "இந்தா தாயி" என்று காசைக் கொடுத்தார்.

அவள் அதை எண்ணிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.